ரவுட்டரில் செருகிய பென் டிரைவை எத்தனையாகப் பிரிப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் ஆர்ச்சர் சி7 ரவுட்டர், இரண்டாம் பதிப்பு. அதில் ஓபன்டபிள்யுஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டிருக்கிறது. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகி, ரவுட்டரின் இடப்பற்றாக்குறையைத் தீர்க்க ஒரு பகுதி, ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு ஒரு பகுதி, குடும்பப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் ஒரு பகுதி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். வீட்டில் விண்டோஸ் மடிக்கணினியும் டிவியும் இருக்கின்றன. அவ்வப்போது பென் டிரைவைப் பிடுங்கி டிவியின் பின்னால் செருகும் பழக்கமும் உண்டு. எந்த வரிசையில், எந்த அளவில், எந்த ஃபார்மேட்டில் பிரிப்பது?

மூன்றாகப் பிரிப்பதில் தவறே இல்லை. ஆனால் போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்தப் பிடுங்கும் பழக்கம்தான் இந்தத் திட்டத்துக்கு ஆகாது. அதை விட மாட்டீர்கள் என்றால் ஒரே டிரைவைப் பிரிக்காதீர்கள். இரண்டு டிரைவ்களாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரவுட்டரில் இரண்டு யுஎஸ்பி துளைகள் இருக்கின்றன, எனவே இதற்காக ஹப் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

காரணம் புரிய, பார்டிஷன் என்பது உண்மையில் என்ன என்று பார்த்துவிட வேண்டும். டிரைவின் முதல் செக்டரில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பதை அது சொல்கிறது. அவ்வளவுதான். டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு இந்த அட்டவணையைப் பற்றி எதுவும் தெரியாது. ஃபிளாஷ் நினைவகத்தின் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதை அது தன் போக்கில் தீர்மானிக்கிறது. முதல் 1 ஜிபியில் இருப்பதாக நீங்கள் நினைக்கும் ஒரு கோப்பு, நினைவகச் சில்லில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஸ்வாப் பகுதியில் ஓயாமல் எழுதினால் அந்தப் பகுதி மட்டும் தேய்ந்து, படங்கள் இருக்கும் பகுதி புதிதாகவே இருக்கும் என்ற கணக்கு பென் டிரைவில் செல்லாது. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனி அடுப்பு மூட்டினாலும் கூரை ஒன்றுதான். ஒழுகினால் எல்லாருக்கும் ஒழுகும்.

ஆகவே பார்டிஷன் இரண்டு விஷயங்களிலிருந்து காக்கும். ஒரு பகுதி நிரம்பி வழிந்தால் மற்றதைப் பாதிக்காது. ஒரு பகுதியின் கோப்பு அமைப்பு சிதைந்தாலோ, நாமே அதை அழித்து மறுபடி ஃபார்மேட் செய்தாலோ மற்றவை அப்படியே இருக்கும். டிரைவே செத்துப்போனாலோ, ஒருவர் அதைப் பிடுங்கிவிட்டாலோ பார்டிஷன் எதையும் காக்காது. சேர்ந்தே இருந்து சேர்ந்தே போகக்கூடியவற்றை மட்டும் ஒரு டிரைவில் வையுங்கள். அவற்றுக்குள் பிரிவினை செய்துகொள்ளலாம்.

இனி உங்கள் ரவுட்டருக்கு வருவோம். அதில் 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருக்கின்றன. இன்றைய கணக்கில் இது அற்பம் என்றாலும், ஓபன்டபிள்யுஆர்டி பிறந்த காலத்து நிலையை நினைத்தால் தாராளம். 2003-இல் லிங்க்ஸிஸ் தன் டபிள்யுஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரலை ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின்படி வெளியிட வேண்டிவந்தது. அதிலிருந்து 2004-இல் கிளைத்ததுதான் இந்தத் திட்டம், பெயரும் அங்கிருந்தே வந்தது. அந்த ரவுட்டரின் தொடக்கப் பதிப்புகளில் ஃபிளாஷ் 4 எம்பிதான். அந்த நெருக்கடியில் உருவான ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. மூல அமைப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டும் முடிகிற சுருக்கிய வடிவில் இருக்கும். நீங்கள் செய்யும் மாற்றங்களும் நிறுவும் மென்பொருள் பொதிகளும் அதன்மேல் ஓவர்லே என்ற மெல்லிய அடுக்கில் எழுதப்படும். 16 எம்பியில் மூல அமைப்பு போக ஓவர்லேவுக்கு மிஞ்சுவது சில எம்பிதான். கோப்புகளை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா4, விளம்பரத் தடுப்பு, டோரண்ட் என்று ஆசைப்பட்டால் மூச்சு முட்டும்.

எக்ஸ்ட்ரூட் என்பது இந்த ஓவர்லே அடுக்கை பென் டிரைவின் ஒரு பார்டிஷனுக்கு மாற்றிவிடுவது. ரவுட்டர் துவங்கும்போது உள் ஃபிளாஷில் உள்ள சிறிய அடுக்குக்குப் பதில் டிரைவில் உள்ள பெரிய அடுக்கை எடுத்துக்கொள்கிறது. அதாவது வைஃபை பெயர், கடவுச்சொல், ஃபயர்வால் விதிகள் எல்லாம் அந்தப் பென் டிரைவில்தான் வாழ்கின்றன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ அதைப் பிடுங்கி டிவியில் செருகுகிறார்கள் என்று வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரின் காலடியில் இருந்த தரை போய்விடுகிறது. சிறிது நேரம் ரேமில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். பிறகு அமைப்புப் பக்கம் திறக்காது, சேவைகள் ஒவ்வொன்றாக விழும். யாராவது மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் ரவுட்டர் உள் ஃபிளாஷின் பழைய அடுக்கோடு எழுந்திருக்கும். எக்ஸ்ட்ரூட் அமைத்த நாளில் இருந்த அமைப்புகள்தான் அதில் இருக்கும். அன்று வைஃபை அமைக்கப்படவில்லை என்றால் இன்று வைஃபையே இல்லை. ஓபன்டபிள்யுஆர்டி வைஃபையை இயல்பாக அணைத்தே வைத்திருக்கும். "இன்டர்நெட் போய்விட்டது" என்று வீடே கூச்சலிடும்போது, காரணம் டிவியின் பின்னால் பச்சை விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும்.

இதில் தப்பிக்க ஒரு சிறு முன்யோசனை போதும். எக்ஸ்ட்ரூட் அமைப்பதற்கு முன்பே, உள் ஃபிளாஷில் இருக்கும்போதே, வைஃபை பெயர், கடவுச்சொல், நிர்வாகக் கடவுச்சொல், இணைய இணைப்பின் விவரங்கள் எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிடுங்கள். டிரைவ் இல்லாமல் ரவுட்டர் எழுந்தாலும் வீட்டில் இணையம் ஓடும். பின்னால் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய அடுக்கில் பழையதுதான் இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

என் பரிந்துரை இது. வீட்டில் சும்மா கிடக்கும் 8 அல்லது 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எக்ஸ்ட்ரூட்டுக்கும் ஸ்வாப்புக்கும் ஒதுக்குங்கள். துளைக்கு வெளியே நகத்தளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, யாருக்கும் பிடுங்கத் தோன்றாது. 64 ஜிபி டிரைவ் முழுவதும் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் ஒரே பார்டிஷனாக இருக்கட்டும். இரண்டு டிரைவ் வேண்டாம், பிடுங்குவதையே நிறுத்திவிடுகிறோம் என்றால் மூன்று பகுதித் திட்டம் சரி. அதன் அளவுகளைப் பார்ப்போம்.

64 ஜிபி என்று அட்டையில் இருந்தாலும் ரவுட்டர் 59 சொச்சம்தான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், இயங்குதளம் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது, யாரும் திருடவில்லை. ஆனால் நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கிய டிரைவ் என்றால் உண்மையிலேயே திருட்டு இருக்கக்கூடும். 8 ஜிபி சில்லை 64 என்று பொய் சொல்ல வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யு என்ற கருவிகள் டிரைவை முழுக்க எழுதி, மறுபடி படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பிரிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். போலி டிரைவின் கடைசிப் பார்டிஷனில் வைத்த படங்கள் வெறும் காற்றில் எழுதியவை.

எக்ஸ்ட்ரூட்டுக்கு 1 ஜிபி போதும். 2 கொடுத்தால் கவலையே இல்லை. 10 கொடுப்பது வீண். ரவுட்டருக்கான பொதிகள் எல்லாம் கிலோபைட், மெகாபைட் கணக்கில் இருப்பவை. ஸ்வாப்புக்கு 256 எம்பி முதல் 512 எம்பி. 128 எம்பி ரேம் உள்ள கருவிக்கு 4 ஜிபி ஸ்வாப் கொடுத்தால், அத்தனையையும் பயன்படுத்தும் நிலை வரும்போது ரவுட்டர் ஏற்கெனவே செயலிழந்தது போலத்தான் இருக்கும். பென் டிரைவ்கள் பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதுவதில் பரவாயில்லை, சிறு சிறு துண்டுகளை இங்கும் அங்கும் எழுதுவதில் படுமோசம். ஸ்வாப் செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

அதனால் ஸ்வாப்புக்கு முன் இசட்ரேம் முறையை முயன்று பாருங்கள். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி, ஸ்வாப் போல நடத்தும் ஏற்பாடு அது. ஓபன்டபிள்யுஆர்டியில் ஒரு பொதியை நிறுவினால் தானாக இயங்கும். பென் டிரைவைத் தொடாது, வேகமும் கூடுதல். டோரண்டும் மீடியா சர்வரும் சேர்ந்து ஓடும்போது மட்டும் டிரைவில் உள்ள ஸ்வாப் பின்வரிசைக் காவலாக இருக்கட்டும். பெரிய ஹார்டு டிஸ்க் இணைப்பவர்களுக்கு ஸ்வாப் அவசியமாகும் இடம் வேறு ஒன்று உண்டு. டெராபைட் கணக்கில் உள்ள பார்டிஷனைச் சோதித்துச் சரிசெய்யும் இ2எஃப்எஸ்சிகே என்ற கருவி நிறைய நினைவகம் கேட்கும். ஸ்வாப் இல்லாத சிறிய ரவுட்டரில் அது பாதியில் நின்றுவிடும். உங்கள் 64 ஜிபிக்கு அந்தப் பிரச்சினை எழாது.

மீதி எல்லாம் தரவுக்கு. அதைக் கடைசியில் வையுங்கள். நாளை 128 ஜிபி டிரைவ் வாங்கினால், பழையதை அப்படியே நகலெடுத்துவிட்டுக் கடைசிப் பார்டிஷனை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். பின்னால் காலியிடம் இருக்கும் பகுதியை நீட்டுவது நிமிட வேலை. நடுவில் மாட்டிக்கொண்டதை நீட்ட மற்றவற்றை நகர்த்த வேண்டும்.

"விண்டோஸ் படிக்க வேண்டிய பகுதியை முதலில் வை" என்ற அறிவுரையையும் நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அது ஒரு காலத்தில் உண்மை. பென் டிரைவில் எத்தனை பார்டிஷன் இருந்தாலும் விண்டோஸ் முதலாவதை மட்டும்தான் காட்டும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில், அதாவது 2017-இல், அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. பழைய விண்டோஸ் 7 கணினி வீட்டில் இருந்தால் மட்டும் அந்த அறிவுரைக்கு மதிப்பு கொடுங்கள்.

அடுத்து ஃபார்மேட். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தேவையில்லாமல் குழம்புகிறார்கள். "விண்டோஸுக்கு லினக்ஸின் இஎக்ஸ்டி4 தெரியாது, அதனால் ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்தேன்" என்பார்கள். டிரைவ் ரவுட்டரில் செருகியிருக்கும்போது அதைப் படிப்பது ரவுட்டர்தான். மடிக்கணினி ரவுட்டரிடம் சாம்பா வழியாகக் கோப்பைக் கேட்கிறது. ரவுட்டர் தன் டிரைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. உள்ளே என்ன கோப்பு அமைப்பு என்று மடிக்கணினிக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. டிவியும் அப்படியே: ரவுட்டரில் மினிடிஎல்என்ஏ என்ற மீடியா சர்வர் ஓடினால் டிவி பார்ப்பது வீடியோ ஓட்டத்தை மட்டுமே. டிரைவை நேரடியாக வேறு கருவியில் செருகும்போதுதான் அந்தக் கருவிக்கு ஃபார்மேட் தெரிந்திருக்க வேண்டும். மினிடிஎல்என்ஏ ஒழுங்காக ஓடிவிட்டால் உங்கள் வீட்டில் டிரைவைப் பிடுங்க வேண்டிய காரணமே போய்விடும் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்ட்ரூட் பகுதிக்குத் தேர்வே இல்லை, இஎக்ஸ்டி4 போடுங்கள். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் லினக்ஸுக்குத் தேவையான உரிமையாளர் விவரம், இயக்க அனுமதி, குறியிணைப்பு எதுவும் இல்லை. எஃப்2எஃப்எஸ் என்று சாம்சங் 2012-இல் ஃபிளாஷ் நினைவகத்துக்காகவே உருவாக்கிய கோப்பு அமைப்பும் உண்டு, அதிலும் எக்ஸ்ட்ரூட் இயங்கும். ஆனால் சிதைந்தால் மீட்கும் கருவிகள் இஎக்ஸ்டி4-க்கு இருப்பவை அளவுக்கு முதிர்ந்தவை அல்ல என்பது என் எண்ணம். மின்வெட்டு வரும் வீட்டில் நான் பழையதையே நம்புவேன்.

தரவுப் பகுதி ரவுட்டரை விட்டு நகராது என்றால் அதற்கும் இஎக்ஸ்டி4. டிவிக்கும் மடிக்கணினிக்கும் போய் வரும் தனி டிரைவ் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு திருமண வீடியோவே அந்த வரம்பை உடைத்துவிடும். எக்ஸ்ஃபேட் 2006-இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டபின் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் முறையாக இடம்பிடித்தது, எனவே இன்றைய ஓபன்டபிள்யுஆர்டியில் சிக்கலில்லை. என்டிஎஃப்எஸ் பழைய வழியில், அதாவது என்டிஎஃப்எஸ்-3ஜி மூலம் இணைத்தால், சிறிய ரவுட்டரின் செயலியைத் தின்றுவிடும். 2021-இல் கர்னல் 5.15-இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 அதைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் புதிதாக ஃபார்மேட் செய்பவருக்கு என்டிஎஃப்எஸ் தேவைப்படும் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்டிலும் கிடையாது. எழுதும் நடுவில் பிடுங்கினால் சிதைவு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பு அதிகம். பிடுங்குவதற்கு முன், ரவுட்டரை உலாவியில் நிர்வகிக்கும் லூசியின் மவுண்ட் பாயிண்ட்ஸ் பக்கத்தில் அந்தப் பகுதியை இறக்கிவிடச் சொல்லி வீட்டாரைப் பழக்குங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இஎக்ஸ்டி4 பார்டிஷன் உள்ள டிரைவை விண்டோஸில் செருகினால், "இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று பணிவாக ஒரு பெட்டி வரும். விவரம் தெரியாதவர் சரி என்று அழுத்திவிட்டால் எக்ஸ்ட்ரூட் போனது. பிடுங்கப்படும் டிரைவில் அதை வைக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்டிஷன் அட்டவணையில் எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு வகைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 64 ஜிபிக்கு எம்பிஆர் போதும். அதில் நான்கு முதன்மைப் பகுதிகள் வைக்கலாம், நமக்குத் தேவை மூன்று. 2 டெராபைட்டைத் தாண்டும் டிஸ்க் என்றால்தான் ஜிபிடி கட்டாயமாகிறது.

இந்த வேலையைக் கணினியில் செய்வதா, ரவுட்டரிலேயே செய்வதா? ரவுட்டரிலேயே செய்யுங்கள் என்பேன். இஎக்ஸ்டி4-க்கான கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்பிராக்ஸின் 2016-இல் வந்த 1.43 பதிப்பு முதல், புதிதாக உருவாக்கும் இஎக்ஸ்டி4 பார்டிஷனில் மெட்டாடேட்டா சரிபார்ப்பு போன்ற வசதிகள் தாமாகவே இயக்கப்படுகின்றன. அவற்றை அறியாத பழைய கர்னல் அந்தப் பார்டிஷனை எழுதும் நிலையில் ஏற்காது. தயாரிப்பாளர் கொடுத்த ஃபர்ம்வேரோடு ஓடும் ரவுட்டர்களில், உதாரணமாக ஆசுஸ் ஆர்டி-ஏசி68யு மாடலில், கர்னல் இன்னும் 2.6.36. லேப்டாப்பில் உபுண்டுவில் அழகாக ஃபார்மேட் செய்து கொண்டுவந்து செருகினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் ஓபன்டபிள்யுஆர்டியின் கர்னல் புதியது, உங்களுக்கு அந்தத் தொல்லை வராது. ஆனாலும் எந்தக் கருவி பயன்படுத்தப்போகிறதோ அதிலேயே ஃபார்மேட் செய்வது நல்ல வழக்கம்.

முதலில் டிரைவில் இப்போது இருக்கும் படங்களை எல்லாம் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். இருப்பதைச் சுருக்கி இடம் உண்டாக்கும் கருவிகள் உண்டு. 64 ஜிபிக்கு அந்தச் சாகசம் வேண்டாம்.

பிறகு ரவுட்டரில் யுஎஸ்பி சேமிப்பகத்துக்கான கர்னல் தொகுதி, இஎக்ஸ்டி4 தொகுதி, பிளாக்-மவுண்ட், இ2எஃப்எஸ்பிராக்ஸ், எஃப்டிஸ்க் ஆகிய பொதிகளை நிறுவுங்கள். எஃப்டிஸ்க் இயல்பாக வராது, தனியாக நிறுவ வேண்டும். உள் ஃபிளாஷில் இடம் குறைவு என்பதால் வேறு எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள்; சாம்பா எல்லாம் எக்ஸ்ட்ரூட் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்எச் என்ற கட்டளை இணைப்பின் வழியாக ரவுட்டருக்குள் நுழைந்து பிளாக் இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுங்கள். எஸ்டிஏ1 என்ற பெயரில் ஒரு வரி வந்தால் டிரைவில் அட்டவணையும் ஒரு பார்டிஷனும் இருக்கின்றன. எண் இல்லாமல் வெறும் எஸ்டிஏ என்று வந்தால் அட்டவணையே இல்லாமல் டிரைவ் முழுவதும் நேரடியாக ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது. முன்பு ஏதாவது லினக்ஸ் ஐஎஸ்ஓவை அந்த டிரைவில் எழுதியிருந்தால் விநோதமான அட்டவணை தென்படும். இந்த இரண்டு நிலைகளிலும் வைப்எஃப்எஸ் கருவியால் பழைய அடையாளங்களைத் துடைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் புதிய பார்டிஷனுக்குள் பழைய அடையாளம் ஒளிந்திருந்து, ரவுட்டர் அதை வேறு எதுவாகவோ நினைத்துக்கொள்ளும்.

டிரைவின் எந்தப் பகுதியாவது இணைந்திருந்தால் இறக்கிவிட்டு, எஃப்டிஸ்க்கை எஸ்டிஏ மீது திறவுங்கள். எஸ்டிஏ1 மீது அல்ல. இந்த இடத்தில் தடுமாறுபவர்கள் அதிகம். ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால் வெற்று எம்பிஆர் அட்டவணை உருவாகும். 'என்' அழுத்தினால் புதிய பகுதி. முதன்மை வகையா என்று கேட்கும், ஆம் என்று என்டர் தட்டுங்கள். பகுதி எண் 1, என்டர். தொடக்கச் செக்டர் 2048 என்று அதுவே முன்வைக்கும். அதை மாற்ற வேண்டாம், சரியாக 1 எம்பி எல்லையில் தொடங்குவதால் ஃபிளாஷின் உள் கட்டங்களோடு ஒத்துப்போகும். முடிவுச் செக்டர் கேட்கும்போது கூட்டல் குறியோடு 2 என்று எழுதி, ஒட்டியே பெரிய 'ஜி' எழுத்தைப் போடுங்கள். இரண்டாவது பகுதிக்கு இதே வழியில் 512, பெரிய 'எம்'. மூன்றாவதற்கு எல்லாவற்றுக்கும் என்டர் தட்டினால் மீதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். 'டி' (ஆங்கில t, d அல்ல) அழுத்தி இரண்டாவது பகுதியின் வகையை 82 என்று மாற்றுங்கள், அதுதான் லினக்ஸ் ஸ்வாப்பின் எண். மற்ற இரண்டும் 83 என்றே இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் போடுவதாக இருந்தால் அந்தப் பகுதிக்கு 7. 'பி' (ஆங்கில p) அழுத்தி ஒருமுறை கண்ணால் பாருங்கள். அதுவரை டிரைவில் எதுவும் எழுதப்படவில்லை, மனம் மாறினால் 'க்யூ' அழுத்தி ஓடிவிடலாம். 'டபிள்யு' அழுத்தினால்தான் எழுதப்படும். கர்னல் பழைய அட்டவணையையே பிடித்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தால் டிரைவை எடுத்துச் செருகுங்கள், போதும்.

ஃபார்மேட் செய்யும்போது ஒவ்வொரு பகுதிக்கும் லேபிள் கொடுங்கள். தரவுப் பகுதிக்கு மட்டும் இன்னொரு வேலை உண்டு. இஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்காக ஒதுக்கி வைக்கும். அமைப்பு இருக்கும் பார்டிஷனில் அது நியாயம். வெறும் படங்கள் இருக்கும் பார்டிஷனில் ஏறக்குறைய 3 ஜிபி வீணாக முடங்கும். ஃபார்மேட் கட்டளையில் சிறிய 'எம்' விருப்பத்துக்குச் சுழியம் கொடுத்தால் அந்த ஒதுக்கீடு இருக்காது.

இணைக்கும்போது எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்ற பெயர்களை நம்பாதீர்கள். இரண்டாவது டிரைவ் செருகிய நாளில் எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்பது யார் முதலில் விழித்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். லூசியில், ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தனி அடையாள எண்ணான யுயுஐடியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ட்ரூட் பகுதியின் இலக்காக ஓவர்லே அடைவைக் கொடுத்துவிட்டு, இப்போதைய ஓவர்லேயில் இருப்பதை எல்லாம் அந்தப் பகுதிக்கு நகலெடுத்து, பிறகு ரவுட்டரை மறுபடி துவக்குங்கள். எழுந்தபின் சேமிப்பிட அளவைப் பாருங்கள். ஓவர்லேவுக்கு எதிரே 2 ஜிபிக்கு அருகில் ஓர் எண் இருந்தால் வேலை முடிந்தது. இன்னும் சில எம்பிதான் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் பென் டிரைவ் விழித்துக்கொள்ள நேரம் எடுத்திருக்கும். எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் அமைப்பின் பொதுப் பிரிவில் டிலே ரூட் என்ற விருப்பத்துக்கு 15 விநாடி கொடுத்தால் ரவுட்டர் காத்திருக்கும்.

தேய்மானத்தைக் குறைக்க நோஏடைம் விருப்பத்தோடு இணையுங்கள். கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் படித்த நேரத்தை எழுதும் வீண்வேலை நிற்கும். ஓபன்டபிள்யுஆர்டி பதிவேடுகளை ரேமில்தான் வைக்கிறது, புள்ளிவிவர வரைபடங்களையும் அப்படியே. "டிரைவில்தான் இடம் இருக்கிறதே" என்று அவற்றை அங்கே திருப்பிவிடாதீர்கள். பென் டிரைவ் தன்மேல் எழுதப்படும் தடவைகளை எண்ணி வாழ்கிறது. முடியும் நாளில் முன்னறிவிப்பு கொடுக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. திடீரென எழுத மறுக்கும், அல்லது காணாமலே போகும். குடும்பப் படங்களின் ஒரே நகல் இந்த டிரைவில் இருக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

உங்கள் ரவுட்டரின் துளைகள் யுஎஸ்பி 2.0 என்பதால் இன்னொரு தலைவலி உங்களுக்கு இல்லை. யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. புதிய ரவுட்டரில் டிரைவைச் செருகியதும் வைஃபை தளர்ந்தால், பழியை ஃபர்ம்வேர் மீது போடுவதற்கு முன் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு டிரைவை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் நாள். மூன்று பகுதியாகப் பிரித்ததன் பலன் அன்றுதான் கைக்கு வரும். புதிய பதிப்பை ஏற்றியதும் ரவுட்டர் எக்ஸ்ட்ரூட்டைக் கண்டுகொள்ளாது. புதிய படிமத்தில் யுஎஸ்பிக்கான பொதிகள் இல்லை என்பது ஒரு காரணம். அவற்றை மறுபடி நிறுவியபின்னும், டிரைவில் எட்ஸி அடைவுக்குள் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்ட்ரூட்-யுயுஐடி என்ற மறைந்த கோப்பு பழைய மூல அமைப்பின் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். பொருந்தாததால் ரவுட்டர் அதை ஏற்க மறுக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் துவக்கினால் ஏற்றுக்கொள்ளும் என்று பலரும் சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே இருப்பவை பழைய கர்னலுக்கான தொகுதிகள். புதிய கர்னலோடு அவை சேராது. எது ஓடும், எது ஓடாது என்று தேடி அலைய வேண்டிவரும்.

நான் செய்வது வேறு. புதுப்பிப்பதற்கு முன் நிறுவியிருக்கும் பொதிகளின் பட்டியலையும் அமைப்புகளின் காப்பு நகலையும் கணினிக்கு எடுத்துக்கொள்வேன். புதிய பதிப்பு ஏறியபின் முதல் பகுதியை மட்டும் மறுபடி ஃபார்மேட் செய்து, எக்ஸ்ட்ரூட்டைப் புதிதாக அமைத்து, பொதிகளை நிறுவுவேன். மூன்றாவது பகுதியில் உள்ள படங்களும் வீடியோக்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபார்மேட் செய்ததும் முதல் பகுதியின் யுயுஐடி மாறிவிடும் என்பதால் எஃப்எஸ்டேப் அமைப்பில் புதிய எண்ணைக் கொடுக்க வேண்டும். அது தொல்லை என்றால் ஃபார்மேட் கட்டளையில் பெரிய 'யு' விருப்பத்தோடு பழைய எண்ணையே கொடுத்துவிடலாம்.